ஃபெலிச்சானோவின் நாக்கு

பஸ் கதவு பாதி திறந்து நிற்கும். ஒரு கால் படியில், ஒரு கால் சேற்றில், முதுகில் மழை. உள்ளேயிருந்து ஃபெலிச்சானோ கேட்பார்: "நேத்து ராத்திரி வீட்ல என்ன?"

பதில் வராமல் மீதிக் கதவு திறக்காது.

"பருப்பும் சாசேஜும், மாமா."

"சாசேஜ்ல கொழுப்பு இருந்துச்சா, இல்ல உங்கம்மா எல்லாத்தையும் வடிச்சுட்டாளா?"

"இருந்துச்சு."

"அப்பா என்ன குடிச்சாரு?"

"பீர்."

"ஐயோ பாவம்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடுவார். பாவம் அப்பாவுக்கா, பருப்புக்கா, சாசேஜுக்காக உயிரைவிட்ட பன்றிக்கா என்பதை விளக்குவதில்லை. அடுத்த நிறுத்தத்தில் அடுத்த வீட்டுச் சமையல் காத்திருக்கிறது.

எங்கள் மலைக்கிராமம் கொல்லெ சோர்போவிலிருந்து ஃபொலீனியோ நகரப் பள்ளிக்கூடத்துக்குப் பதினாறு கிலோமீட்டர். ஒன்பது நிறுத்தம், முப்பத்தொரு பிள்ளைகள். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பஸ்ஸை ஃபெலிச்சானோதான் ஓட்டுகிறார். ஐம்பத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடியைப் பழைய ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வயிறு ஸ்டியரிங்கைத் தொடுவதால் இடது பக்க வளைவுகளை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் திருப்புவார். எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் தெரியாது. ஒரே வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருக்கிற எனக்கு அது பெரிய வசதி. ஆனால் எந்த வீட்டில் செவ்வாய்க்கிழமை கோழி, எந்த வீட்டில் மாமியார் வந்தால் மட்டும் காட்டுப்பன்றி என்பது அத்துப்படி.

இந்தக் கேள்விக்கெல்லாம் காரணம் தேவாலயத்துக்குக் கீழே சரிவில் இருக்கிற ஏழு வரிசைத் திராட்சைக் கொடி. எல்லாம் சக்ரந்தீனோ என்கிற கறுப்புத் திராட்சை. வருஷத்துக்கு ஒரே ஒரு பீப்பாய்தான் ஒயின் எடுக்கிறார். அதைச் சரியான சாப்பாட்டோடு குடிக்காதவன் சட்டத்தை மீறியவன் என்பது அவர் கணக்கு.

சக்ரந்தீனோவின் முதல் குணம் துவர்ப்பு. வெறும் வாயில் ஒரு மிடறு குடித்தால் நாக்கு போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலுதடு பல்லை விட்டு வராது. "சண்டை மாடுடா அது" என்பார் ஃபெலிச்சானோ. "வெறுங்கையோட போனா முட்டித் தள்ளிடும். கொழுப்பைக் காட்டு, நாய்க்குட்டி மாதிரி காலடில வந்து படுத்துக்கும்." கொழுப்பு என்றால் என்னென்ன என்று ஒரு பட்டியல் இருக்கிறது. விலா எலும்போடு சுட்ட ஆட்டுக்குட்டி. மூன்று மணி நேரம் கொதித்த காட்டுப்பன்றி. உப்பிட்டு உலர்த்திய பன்றிக் கன்னத்தைச் சட்டியில் போட்டு, சுருண்டதும் வினிகர் தெளித்தது. ஒரு வருஷமாவது மூலையில் கிடந்து கல்லான செம்மறிப்பால் சீஸ். மீன் என்று யாராவது சொன்னால் ரேடியோவைப் போட்டுவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் ஆர்ட்டிசோக். வசந்தம் வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லாத் தோட்டத்திலும் அந்தப் பச்சை மொட்டுதான். பஸ்ஸில் பாதிப் பேர் குற்றவாளிகளாகிவிடுவோம். "ஆர்ட்டிசோக்கா? அப்ப தண்ணி குடிங்க. பச்சைத் தண்ணி. அது பட்ட நாக்குல போப்பாண்டவரோட ஒயினை ஊத்தினாலும் துருப்பிடிச்ச ஆணியை நக்குன மாதிரிதான் இருக்கும்." நேற்று ஆர்ட்டிசோக் வறுவலுக்கு அப்பா சக்ரந்தீனோவில் ஐஸ் போட்டுக் குடித்தார் என்று பொய் சொல்லி அவர் கழுத்து சிவப்பதை வேடிக்கை பார்க்கிறவர்களும் பஸ்ஸில் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஒயினைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர் பஸ் ஓடுகிற நாளில் ஒரு சொட்டு விழுங்க மாட்டார். தவக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகூடக் கோப்பையைத் தொடுவதில்லை. ஈஸ்டர் வரை விரதம். காலையில் எங்களை இறக்கிவிட்டு, ஒன்பது மணிக்கு வீடு திரும்பி நிலவறையில் பீப்பாயைப் பார்ப்பது மட்டும் நிற்காது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, வாயில் புரட்டி, சாக்கடையில் துப்பிவிடுவார். "அது குடிக்கிறது இல்லடா. புள்ளைக்குக் காய்ச்சல் இருக்கான்னு நெத்தியைத் தொட்டுப் பாக்குறது."

இந்த வருஷத்துப் பீப்பாய் சாதாரணப் பிள்ளை இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்திய அறுவடை. அவருடைய ஒரே மகள் நொயேமி ஓர்வியேத்தோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, சாக்குக்கட்டியால் பீப்பாயின் மேல் 'நொ' என்று எழுதிவைத்தார். கல்யாணம் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை. ஓர்வியேத்தோ வெள்ளை ஒயின் ஊர். "ஒயின் நாங்க கொண்டுவந்துடுறோம், சம்பந்தி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று மாப்பிள்ளையின் அப்பா போனில் சொன்னாராம். "நீங்க பசியோட வாங்க, அது போதும்" என்றாராம் இவர். இந்த உரையாடலை எங்களுக்கு எத்தனை தடவை நடித்துக் காட்டினார் என்பதற்குக் கணக்கில்லை. சம்பந்தியாக நடிக்கும்போது மூக்கால் பேசுவார்.

பிப்ரவரியில் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, கல்லீரல் களைத்திருக்கிறது என்றார். ஃபெலிச்சானோவின் மனைவி லொரேத்தாவுக்கு மருந்துக்கடை மேல் நம்பிக்கை கிடையாது. தோட்டத்திலிருந்து ஏதோ இலையைப் பறித்துக் கசாயம் காய்ச்சி, பச்சை பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். முழுதும் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையலாம். பிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சோதனை நடக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வாய் குடித்து, பேய் அறைந்த முகத்தோடு கியர் மாற்றுவார். தீராத மிச்சத்தை நிலவறை வாசலில் நின்று ஒரே மூச்சில் விழுங்குவாராம்.

ஃபொலீனியோவில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு குழாய் உண்டு. அதில் வாய் கொப்பளித்துவிட்டு, "நகராட்சிக்காரன் தண்ணில சக்கரை போடுறான்" என்று அந்த நாட்களில் அவர் சொல்வது வழக்கமாயிற்று. அவருடைய நகைச்சுவை மங்கிவருகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

தவக்காலத்தின் மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, கதவு முழுசாகத் திறந்தது.

முதலில் ஏறிய மிர்கோ படியிலேயே நின்றான். அவன் வீட்டில் முந்தின நாள் ஆட்டுக்கறி, பெருமையோடு வந்திருந்தான். "மாமா, நேத்து…" என்றான்.

"ஏறுடா, நேரமாச்சு."

ஒன்பது நிறுத்தத்திலும் கதவு முழுசாகவே திறந்தது. செவ்வாயும் புதனும் அப்படியே. பஸ்ஸில் அவ்வளவு அமைதி நல்லதில்லை. சிலர் வீட்டுப்பாடம்கூடச் செய்தார்கள்.

வியாழக்கிழமை விஷயம் தெரிந்தது. சரிவின் மறுபக்கத்துத் தோட்டக்காரர் ஓர்ஃபேயோ டிராக்டரில் எதிரே வந்துகொண்டிருந்தார். அவருடைய சக்ரந்தீனோ போன வருஷம் மோன்தெஃபால்கோ ஒயின் போட்டியில் பரிசு வாங்கியது; அன்றிலிருந்து ஃபெலிச்சானோ அவருக்குத் தலையை மட்டும் ஆட்டுவார். அன்றைக்குப் பஸ்ஸை நிறுத்தி ஜன்னலைத் திறந்தார்.

"ஓர்ஃபே, கல்யாணத்துக்கு அறுபது பாட்டில் தர முடியுமா?"

ஓர்ஃபேயோ டிராக்டரை அணைத்தார். "யார் கல்யாணத்துக்கு?"

"என் பொண்ணு கல்யாணத்துக்குத்தான்."

"உன் பீப்பாய்க்கு என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு. இரும்பு வாடை. கூடவே ஒரு அசட்டு இனிப்பு. ஒரு மாசமா நாளுக்கு நாள் மோசம்."

ஓர்ஃபேயோவுக்குச் சிரிக்க நல்ல சந்தர்ப்பம். சிரிக்கவில்லை. "நான் வந்து ஒரு வாய் பாக்கட்டாடா?"

"பொணத்தைப் பாக்க நான் டிக்கெட் போடல. தருவியா, மாட்டியா?"

"தர்றேன். மொதல்ல ஒரு பாட்டில் கொண்டுபோய்க் குடிச்சுப் பாரு. பிடிச்சா எடுத்துக்க."

முப்பத்தொரு பேர் ஜன்னலோரமாகச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் சூயிங்கம் ஊதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலை அதே இடத்தில் ஓர்ஃபேயோ பாட்டிலோடு நின்றார். சனிக்கிழமை காலை கேட்டார்: "எப்படிடா இருந்துச்சு?"

ஃபெலிச்சானோ பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். அதில் ஒரு வாய் மட்டும் குறைந்திருந்தது. "உன்னோடதும் செத்துப்போச்சு, ஓர்ஃபே."

"என்னது?"

"அதே இரும்பு. அதே இனிப்பு. இந்த மலைக்கே ஏதோ வந்திருக்கு."

"டேய், இந்த ஒயினை ஞாயித்துக்கிழமை பதினெட்டுப் பேர் குடிச்சாங்க! குருவானவர் மூணு கோப்பை குடிச்சாரு! செத்தது உன் நாக்குடா!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் ஃபெலிச்சானோ ஜன்னலை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த வளைவில் மூச்சை உள்ளே இழுக்க மறந்து ஹாரனை வயிற்றாலேயே அழுத்திவிட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஃபொலீனியோவில் நிறுத்தியதும் நொயேமிக்குப் போன் போட்டார். "ஒண்ணுமில்லம்மா… ஒயின் விஷயம். உன் மாமனார் வீட்டுலேருந்தே வரட்டும்னு… இல்ல, இப்ப வேணாம். சாயங்காலம் பேசுறேன்." போனை வைத்துவிட்டு யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னார்: "ஒயின் கெட்டுச்சா, நாக்கு கெட்டுச்சான்னு எனக்கே தெரியல. தெரியாத ஒயினை எம்மக கல்யாணத்துல வைக்க மாட்டேன்." பிறகு கையெழுத்துப் போட பஸ் நிலைய அலுவலகத்துக்குப் போனார்.

பிளாஸ்க் டேஷ்போர்டில் இருந்தது.

அந்தக் குறும்பு யாருடைய யோசனை என்று துருவ வேண்டாம். கசாயத்தைக் காலி செய்துவிட்டு, எதிர்க்கடையிலிருந்து சூடாக பார்லிக் காபி வாங்கி ஊற்றிவைப்பது. முதல் வாய்க்கு அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. ஒரு வாரமாக அந்த முகத்தில் ஒன்றுமே மாறவில்லை, அதனால்தான். கசாயத்தைச் சாக்கடையில் கொட்டியிருக்கலாம். ஆனால் குடிக்கிறாயா என்று ஒருத்தன் கேட்டு, மாட்டேன் என்றால் கோழை என்று இன்னொருத்தன் சொல்லி, மிர்கோ மூன்று வாய் குடித்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வரக் குழாயடிக்கு ஓடினான். ஒரு வாய் தண்ணீர் குடித்தான். நிமிர்ந்தான்.

"தண்ணி இனிக்குது."

"போடா."

"சத்தியமாடா. சக்கரைத் தண்ணி."

நாங்கள் குடித்துப் பார்த்தோம். வெறும் தண்ணீர். பிளாஸ்க்கிலிருந்து ஒரு வாய் விழுங்கிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி குடித்தோம். மிட்டாய்.

ஃபெலிச்சானோ திரும்பி வந்தபோது குழாயைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தோம். மூடி திறந்த பிளாஸ்க் மிர்கோவின் கையில். திட்டுவதற்கு வாயைத் திறந்தார்.

"மாமா, இதுல என்ன எலை?"

"அது என் மருந்துடா, கழுதை! வை கீழ!"

"என்ன எலைன்னு சொல்லுங்க."

"என்னமோ… லொரேத்தா தோட்டத்துல பறிக்கிறா. ஆர்ட்டிசோக் எலை."

சொன்ன பிறகும் அவருக்கு உறைக்கவில்லை. எங்களுக்கு உறைத்துவிட்டது, இருபத்திரண்டு வருஷமாக அவர் போட்ட பாடம் அது. முதல் வரிசையில் உட்காருகிற ஆறாம் வகுப்புப் பொடிசு, விரலை ஆட்டி, அவர் குரலிலேயே ஒப்பித்தது: "ஆர்ட்டிசோக்கா? அப்ப தண்ணி குடிங்க. பச்சைத் தண்ணி."

"ஏய், அது சாப்பாட்டுக்குச் சொன்னது. இது மருந்து."

"நாக்குக்கு அது தெரியுமா, மாமா?" என்றான் மிர்கோ.

பள்ளி மணி அடித்தது. யாரும் அசையவில்லை. ஃபெலிச்சானோ கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"நிலவறை வாசல்ல…" என்று ஆரம்பித்தார். "கடைசி வாயைக் குடிச்சிட்டு… நேரா பீப்பாய்க்கு…" அங்கேயே நின்றுவிட்டது. "போங்கடா எல்லாரும். மணி அடிச்சாச்சு இல்ல?"

அன்றைக்கு எந்தப் பாடம் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சாதாரணமாகவே கவனிக்கிறவன் இல்லை. அன்றைக்கு நன்றாகப் படிக்கிறவர்களும் கவனிக்கவில்லை.

வீட்டில் நடந்ததைப் பிறகு லொரேத்தா சொல்லித்தான் தெரியும். வந்தவர் பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டவில்லை. நாலு தடவை வாய் கொப்பளித்தாராம். உப்பில்லாத ரொட்டியைப் பாதி தின்றாராம். பன்றிக் கன்னத்தை அவரே சட்டியில் போட்டுச் சுருட்டி, நின்றபடியே தின்றாராம். "என்ன ஆச்சு, ஃபெலிச்சா, கல்லீரலை மறந்துட்டியா?" என்று லொரேத்தா கத்தியதற்கு, கையைக் காட்டி அடக்கினாராம். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாராம். முக்கால் மணி நேரம். பிறகு கீழே இறங்கினார்.

"கொஞ்ச நேரம் சத்தமே இல்ல" என்றார் லொரேத்தா. "அப்புறம் ஒரு அலறல். படியில விழுந்துட்டாருன்னு நெனைச்சு மாவுக் கையோட ஓடுறேன். இந்த மனுஷன் பீப்பாயைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறாரு. வண்டி எடுக்கணுமேன்னு ஒரு சொட்டு விடாமத் துப்பியிருக்காரு, ஆனா துப்ப மனசு வராம அழுதிருக்காரு. 'இருக்குடி, இருக்கு, உசுரோட இருக்கு'ன்னு பெனாத்துறாரு. என்னை ஒரு வார்த்தை திட்டலாமில்ல? ஒரு மாசம் அந்தக் கசாயத்தைக் காய்ச்சினவ நான்தானே. திட்டவே இல்ல. நெத்தியில முத்தம் குடுத்தாரு. பன்னிக்கொழுப்பு வாயோட."

கசாயம் நிற்கவில்லை. படுக்கப் போகும்முன் குடிக்க வேண்டும் என்று நேரம் மட்டும் மாறியது.

ஒன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் பஸ்ஸுக்காக நின்றோம். எப்போதும் முண்டியடிக்கிற கூட்டம் அன்றைக்கு வரிசையில் நின்றது. பஸ் வந்தது. கதவு பாதி திறந்தது.

பாதிதான்.

உள்ளே நிழலில் அவர் மூக்குக்கண்ணாடி மட்டும் மின்னியது. "நேத்து ராத்திரி வீட்ல என்ன?"

மிர்கோ என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. பின்னால் நின்ற முப்பது பேரும் ஒரே நேரத்தில் அவரவர் வீட்டுச் சமையலைக் கத்த ஆரம்பித்துவிட்டோம். கோழி, முட்டை, போன வார சூப், மீன்கூட. ரேடியோ போடவில்லை அவர். வழியில் ஓர்ஃபேயோவின் வேலியோரம் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல் வழியே கையை நீட்டினார்: "அந்தப் பாட்டிலைத் திருப்பிக் குடு."

"செத்த ஒயினா?"

"குடுடா. ஈஸ்டரன்னைக்கு மன்னிப்பு கேட்டுக்கிட்டுக் குடிக்கணும்."

கல்யாண விருந்துக்கு ஊரே போனது. பட்டியலை ஃபெலிச்சானோவே போட்டார். ஆட்டுக்குட்டிக்குத் துணையாக ஆர்ட்டிசோக் வறுவல் என்று சமையல்காரர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு உருளைக்கிழங்கு என்று எழுதினார். வாத்துக்கறியில் புரட்டிய தடித்த பாஸ்தா, பிறகு விலா எலும்புகள், கடைசியில் கல் போன்ற சீஸ். ஓர்வியேத்தோச் சம்பந்தி முதல் மிடறை வெறும் வாயில் குடித்துவிட்டார். மேலுதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. பாவம், மரியாதைக்காகச் சிரிக்கப் பார்த்தார். பாதிச் சிரிப்புதான் வந்தது. ஃபெலிச்சானோ ஓடிப்போய், கொழுப்பு சொட்டுகிற விலா ஒன்றை அவர் தட்டில் வைத்தார்.

"மொதல்ல இது, சம்பந்தி. ரெண்டு கடி. ம். இப்ப குடிங்க."

சம்பந்தி குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துப் பார்த்தார். அப்புறம் அவர் கை தானாகப் பாட்டிலைத் தேடிப் போனது. ஃபெலிச்சானோ வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீஸ் வருவதற்குள் மேஜை முழுக்க எல்லார் வாயும் கருநீலம். புகைப்படக்காரர் எல்லாரையும் மரத்தடியில் நிறுத்தினார். கேமராவில் வைத்த கண்ணை எடுத்தார். "பொண்ணோட அப்பா, கொஞ்சம் பொண்ணு வாயைத் துடைச்சு விடுங்க. உதடெல்லாம் ஒயின். படத்துல அப்படியே தெரியும்."

ஃபெலிச்சானோ கோட்டுப் பையிலிருந்து கஞ்சி போட்ட கைக்குட்டையை எடுத்து உதறினார். நொயேமியின் அருகே போய், மோவாயை விரலால் நிமிர்த்தினார். வெள்ளை உடுப்புக்கு மேலே அந்தக் கருநீல உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைக்குட்டையை நாலாக மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, "தெரியட்டும்" என்று படத்துக்கு வெளியே நகர்ந்து நின்றார்.